தவணையில் வந்த தசாவதாரம்

ஆவணி முடிகிற வாக்கில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் லாரிகள் வந்து நிற்கத் தொடங்கும். பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரும் காகிதக் குடையும் எருக்கம்பூ மாலையும் விற்றுத் தீர்ந்த அதே நடைபாதையில் வைக்கோல் மூட்டைகள் இறங்கும். பண்ருட்டி, கடலூர் வண்டிப்பாளையம், காஞ்சிபுரம் என்று பல ஊர்களிலிருந்தும் வந்தவர்கள் அவரவர் வழக்கமான இடத்தில் கித்தானை விரிப்பார்கள். வைக்கோலைப் பிரிக்கப் பிரிக்க முதலில் ஒரு கிரீடம் தெரியும், அப்புறம் ஒரு மூக்கு, ஒரு வீணையின் குடம். மகாளய அமாவாசை வருவதற்குள் தெருவில் மனிதர்கள் நடக்க இடம் இருக்காது.

எங்களுக்கு அந்தத் தெருவில் ஒரே கடைதான் கடை. ஒரு பாத்திரக்கடையின் படிக்கட்டை ஒட்டி உட்கார்ந்திருப்பார் பண்ருட்டியம்மா. பெயர் என்ன என்று நாங்கள் கேட்டதில்லை. ஊர் பண்ருட்டி, ஆகவே பண்ருட்டியம்மா. அவர் கணக்கில் நாங்களும் அப்படித்தான். அம்மா 'சித்திரக்குளத்தம்மா', நான் 'சித்திரக்குளத்துப் பாப்பா'. வருஷத்தில் ஒரு பதினைந்து நாள் சினேகம். மிச்ச நாட்களில் அவர் எங்கே என்ன செய்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அடுத்த புரட்டாசியில், போன வருஷம் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். "பாப்பாவுக்கு முன்பல்லு முளைச்சிடுச்சா?" என்று கேட்டபடியே வைக்கோலைப் பிரிப்பார்.

இந்தச் சித்திரையில் அவர் காலமாகிவிட்டார். அதைப் புரட்டாசியில்தான் தெரிந்துகொண்டோம். பதினைந்து நாள் சினேகத்தில் சாவுச் செய்தியும் அந்தப் பதினைந்து நாளுக்குள்தான் வரும்.

நான் முதன்முதலில் அவரைப் பார்த்தபோது கடையில் முதலாளி அவர் இல்லை, அவருடைய மாமியார். அந்தக் கிழவி முன்னால் உட்கார்ந்து விலை பேசுவார். மருமகள் பின்னால் உட்கார்ந்து, வழியில் உதிர்ந்த விரல்களையும் மூக்குகளையும் ஒட்டி, வண்ணம் தொட்டுக்கொண்டிருப்பார். அம்மா விலை பேசி முடிக்கும்வரை எனக்கு வேலை அவர் கையைப் பார்ப்பதுதான். நகக்கண்ணில் எப்போதும் கொஞ்சம் தங்க வண்ணம் ஒட்டியிருக்கும். சிரட்டை சிரட்டையாக வண்ணம் குழைத்து வைத்திருப்பார். சேலைக்குப் பச்சை அடிக்கும்போது ஊர்க்கதை பேசுவார். கரைக்குத் தங்கப்பொட்டு வைக்கும்போது என் பள்ளிக்கூடம் பற்றிக் கேட்பார். கண்ணுக்கு வந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும்.

கண்ணுக்கென்று தனி பிரஷ், அணில் முடியில் கட்டியது. பொம்மையின் தலையை இடது முழங்காலோடு அணைத்துக்கொள்வார். முதலில் மேல் இமைக்கு ஒரு கோடு, அப்புறம் கீழ் இமை. வலது கண்ணுக்குக் கோடு போட்ட கையோடு இடது கண்ணுக்கும் போட்டுவிட வேண்டும். இடையில் ஒருவர் வந்து "சரஸ்வதி என்ன விலை?" என்று கேட்டாலும் பதில் வராது. அப்புறம் கருவிழி. கடைசியில் கருவிழிக்குள் குண்டூசி முனையளவு ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளி விழுந்ததும் அதுவரை மண்ணாக இருந்தது என்னைப் பார்க்கும். பண்ருட்டியம்மாவும் அப்போதுதான் மூச்சு விடுவார். "தோ, ஆயிடுச்சு" என்பார், பொம்மையிடம் சொல்கிறாரா என்னிடம் சொல்கிறாரா என்று தெரியாது.

பொம்மை எப்படிப் பிறக்கிறது என்று கேட்டுக் கேட்டு அவரை நான் அரித்திருக்கிறேன். ஏரி மண்ணை வெட்டி வந்து ஊறவைத்து, கல் போகச் சலித்து, மணல் கலந்து மிதிக்க வேண்டும். அச்சு இரண்டு பாதி: முன்னச்சு, பின்னச்சு. மண்ணை அடை தட்டுவது போலத் தட்டி ஒவ்வொரு பாதியிலும் அழுத்தி, இரண்டையும் குழைமண் தடவி ஒட்டவேண்டும். உள்ளே கூடு, வெளியே சாமி. நிழலில் காய்ந்து, பிறகு வெயிலில் காய்ந்து, சூளைக்குப் போகும். ஈரம் மிச்சமிருந்தால் சூளைக்குள்ளேயே வெடித்துவிடும். வெந்து சிவந்து வந்ததற்கு வெள்ளை பூசி, அதன்மேல்தான் வண்ணம். "தையில ஆரம்பிச்சா ஆவணி வரைக்கும் இதே பொழப்புதான் பாப்பா. நடுவுல ரெண்டு மழை பேஞ்சா வயித்துல அடி."

அச்சு என்பது அவர்கள் வீட்டுச் சொத்து. அதனால் ஓர் அச்சு எத்தனையோ வேஷம் போடும். 1983-இல் கபில்தேவ் உலகக் கோப்பையோடு வந்தார் அல்லவா, அந்த நவராத்திரிக்குக் கடையில் கிரிக்கெட் செட் இருந்தது. மட்டை பிடிப்பவர், பந்து வீசுபவர், குனிந்து நிற்பவர், ஒரு நடுவர். உற்றுப் பார்த்தால் பந்து வீசுபவருக்குக் கிருஷ்ணனுடைய உதடு. நடுவருக்குத் தொப்பை கொஞ்சம் அதிகம். மளிகைக்கடை செட்டியாரின் உடம்பில் வெள்ளைக் கோட்டு மாட்டியிருந்தது. நான் சும்மா இருக்காமல், "கபில்தேவுக்கு மீசை இருக்கும், இவருக்கு இல்லையே" என்றேன். பண்ருட்டியம்மாவுக்குக் கபில்தேவ் யாரென்று தெரியாது. ஆனால் புகாரை ஏற்றுக்கொண்டார். "எப்பிடி மீசை? தொங்குமா, முறுக்கா?" என்று விசாரித்தார். நான் மூக்குக்குக் கீழே விரலால் காட்டினேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிருஷ்ணனுக்கு மீசை முளைத்தது. அந்தக் கபில்தேவ் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறார்.

அதற்கு முந்தின வருஷம்தான் தசாவதாரக் கதை ஆரம்பமாயிற்று. அம்மாவுக்கு வெகுநாளாக தசாவதார செட் மேல் கண். மாமியார்க் கிழவி 120 ரூபாய் சொன்னார். அப்பா சம்பளத்தில் ஒரு கொலுவுக்கு அது ரொம்ப அதிகம். அம்மா விலை கேட்டுவிட்டு நகர்ந்து, வெகுநாள் விற்காமல் கிடந்த ஒரு பழைய செட்டியார் ஜோடியை மட்டும் எடுத்துக்கொண்டு பணம் கொடுத்தாள். மருமகள் பின்னாலிருந்து, அதுவரை கடை வியாபாரத்தில் வாய் திறக்காதவர், "வருஷத்துக்கு ஒண்ணா எடுத்துக்கோங்கம்மா" என்றார்.

கிழவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. செட்டை உடைத்தால் மிச்சம் ஒன்பதை யார் வாங்குவார்கள்? "செட்டை ஏன் உடைக்கணும்? அச்சு நம்மகிட்டதானே இருக்குது. அவங்களுக்குன்னு தனியாப் பண்ணிக் கொண்டாறேன்" என்றார் மருமகள். அந்த வருஷமே கையிலிருந்த ஓர் உபரி மச்சத்தை எடுத்து நீட்டினார்.

அதிலிருந்து எங்கள் வீட்டுக்குத் திருமால் தவணையில் வந்தார். வருஷத்துக்கு ஓர் அவதாரம், போனஸ் கூடுதலாக வந்த வருஷம் இரண்டு. எங்களுக்கானது மட்டும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, கடைக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டியில் தனியாக இருக்கும். அம்மாவைப் பார்த்ததும் பெட்டியைத் திறப்பார். "இந்த வருஷம் வராகம்." நடுவில் மாமியார் போய்ச் சேர்ந்தார். மருமகள் முன்வரிசைக்கு வந்தார். தவணை மட்டும் தப்பவில்லை. கடன் வாங்கியவர் தவறாமல் வந்து கட்டியதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே கடன் கொடுத்தவர் அல்லவா வருஷா வருஷம் ஞாபகமாகச் சுமந்து வந்தார்!

என் தோழிகள் வீட்டுக் கொலுவில் பத்து அவதாரமும் முழுசாக நிற்கும். எங்கள் படியில் நரசிம்மத்தோடு வரிசை நின்றுவிடும். பார்க்க வருகிறவர்கள், "மிச்சம் எங்கே?" என்பார்கள். பாட்டி ஊஞ்சலில் இருந்தபடி, "பண்ருட்டியில அவதாரம் எடுத்துண்டிருக்கா" என்பாள்.

1989-இல் கிருஷ்ணனும் கல்கியும் சேர்ந்து வந்தார்கள். தசாவதாரம் முடிந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு அம்மா, "சரஸ்வதி பூஜைக்கு முதல்நாள் சாயங்காலம் நீங்க ஆத்துக்கு வரணும். உங்க பொம்மையெல்லாம் எப்படி வெச்சிருக்கோம்னு பார்க்க வேண்டாமா?" என்றாள். பண்ருட்டியம்மா சிரித்தார். இத்தனை வருஷத்தில் ஒரு கொலுவுக்கும் அவரை யாரும் அழைத்ததில்லை. அவர் வீட்டில் கொலு உண்டா என்று கேட்டேன். "எங்களுக்கு ஏது கண்ணு கொலு? வருஷம் பூரா வீடு முச்சூடும் சாமிங்கதான். கால வைக்க எடம் இருக்காது."

எங்கள் வீட்டில் அதுவரை தெருவில் விற்க வருகிறவர்கள் திண்ணையோடு சரி. பாட்டியின் சட்டம் அது. கீரைக்காரம்மா இத்தனை வருஷமாக வந்தும் ரேழியைத் தாண்டியதில்லை. அன்று சாயங்காலம் மகனைக் கடையில் உட்கார்த்திவிட்டு, முகம் கழுவி, மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு பண்ருட்டியம்மா வந்து திண்ணையருகே நின்றார். அம்மா கையைப் பிடித்துக் கூடத்துக்கே கூட்டி வந்தாள். பாட்டி ஊஞ்சலில் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஊஞ்சல் மட்டும் நின்றது.

ஒன்பது படி. கீழே கண்ணாடிக் குளமும் கேழ்வரகு முளைத்த வயலும், பிறகு பறவை விலங்குகள், செட்டியார், நாதஸ்வரக் கோஷ்டி, அடியார்கள், மேலே தெய்வங்கள், உச்சியில் கலசமும் மரப்பாச்சி ஜோடியும். ஓரறிவில் தொடங்கித் தெய்வம் வரை ஏறிப்போவது கொலுவின் தர்மம் என்று பாட்டி எங்களுக்குப் பாடம் சொல்லியிருக்கிறாள். பண்ருட்டியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் படிகளுக்கு மிக அருகில் போய், இடுப்பில் கைவைத்துப் பார்க்க ஆரம்பித்தார். கும்பிட வந்தவர் பார்க்கிற பார்வை இல்லை அது. சூளையைப் பிரித்தவர் பார்க்கிற பார்வை.

"இது எங்க மாமியா கை." மூன்றாம் படியில் ஒரு மீனாட்சி. "கண்ணு இப்பிடிக் காதுவரைக்கும் அவங்கதான் இழுப்பாங்க. நான் இழுத்தா நிக்காது." அடுத்து ஒரு முருகன்: "இது நாங்க பண்ணலை. காஞ்சிவரம். காகிதக் கூழு, தூக்கிப் பாருங்க, கனம் இருக்காது." செட்டியாரைப் பார்த்து: "இது நான் கல்யாணமாகி வந்த புதுசுல எழுதினது. புருவத்தைப் பாருங்க, பயந்துபோயி எழுதியிருக்கேன்." எங்களுக்கு அதுவரை செட்டியாரின் புருவம் செட்டியாரின் குணமாகத்தான் தெரிந்திருந்தது.

தசாவதாரத்துக்கு வந்தார். மச்சம், கூர்மம், வராகம் என்று விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ராமனில் நின்றார். குனிந்தார். பின்னால் நகர்ந்தார். மறுபடி குனிந்தார். "ராமரு கண்ணு ஏன் இப்பிடிப் போயிருக்குது?" என்றார். ராமன், பலராமன், கிருஷ்ணன், கல்கி, நாலு பேருக்கும் கருவிழி ஒரு நூல் வெளியே விலகியிருந்தது. நாங்கள் தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டும் கவனிக்காத மாறுகண். அவர் முகம் சுண்டிவிட்டது.

அப்போதுதான் ஊஞ்சலிலிருந்து பாட்டி வாயைத் திறந்தாள். "வயசு என்ன ஆறது நோக்கு? நாப்பது தாண்டியாச்சோல்லியோ? வெள்ளெழுத்து வந்துடுத்துடி. ஊசி கோக்க முடியறதா?"

"இல்லீங்கம்மா, மருமவதான் கோத்துத் தருது."

"அதான்." பாட்டி ஊஞ்சலைவிட்டு இறங்கி வந்தாள். தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, நீட்டினாள். "போட்டுண்டு பாரு."

ஒரு காது கம்பிக்கு நூல் சுற்றிய கண்ணாடி. பண்ருட்டியம்மா அதைப் போட்டுக்கொண்டு ராமனைப் பார்த்தார். அப்புறம் தன் கையை விரித்து நகத்தைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "பாப்பாவுக்கு மூக்குல மச்சம் இருக்குதா! நான் பாக்கவே இல்லியே" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. பாட்டியும் சிரித்தாள்.

நாலு பொம்மையையும் நாளைக்குக் கடைக்குக் கொண்டுவந்தால் அழித்து எழுதித் தருவதாகச் சொன்னார். பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. பூஜையில் வைத்த சாமியின் கண்ணை அழிப்பதாவது! இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். கொலு பார்க்க வருகிறவர்களைக் கேட்கிற வழக்கப்படி அம்மா, "ஒரு பாட்டுப் பாடுங்களேன்" என்றாள். "எனக்கு நடவுப் பாட்டும் தாலாட்டும்தான் தெரியும்" என்றவர், தயங்கி, ஒரு தாலாட்டு பாடினார். நல்ல குரல் என்று சொல்ல முடியாது. சுருதி பிசகாத என் தங்கையின் பாட்டுக்குப் பிறகு அது கரடுமுரடாக இருந்தது. ஆனால் நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. கடலைச் சுண்டலைத் தொன்னையில் வாங்கிக்கொண்டு, வெற்றிலை பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துண்டோடு கிளம்பினார். அடுத்த வருஷம் கண்ணாடியோடு வந்தார். அந்த வருஷத்து ராதையின் கண்கள் நேராக இருந்தன.

பிறகு நான் படிப்பு, வேலை, கல்யாணம் என்று ஊர் ஊராகப் போய்விட்டேன். நவராத்திரிக்கு வர முடிந்த வருஷங்களில் அம்மாவோடு மாட வீதிக்குப் போவேன். தென்னாற்காடு மாவட்டம் 1993-இல் பிரிந்து பண்ருட்டி கடலூர் மாவட்டத்துக்குப் போனது. அவர் கடைசிவரை 'தென்னாற்காடு' என்றே சொன்னார். சுற்றிலும் காகிதக் கூழும் பிளாஸ்டர் ஆஃப் பாரிசும் பெருகின. அவர் மண்ணை விடவில்லை. "காகிதத்தைக் கரையான் தின்னும். வெந்த மண்ணைத் தின்னுமா?" என்பார். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து, அந்தப் பக்கத்து பலா மரங்களும் முந்திரிக் காடுகளும் சரிந்த பிறகு வந்த நவராத்திரியில், வீட்டுக் கூரை போன கதையைச் சொன்னார். அச்சுகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அதன்மேல் குடும்பமே உட்கார்ந்திருந்ததாம். "கூரையை வாங்கிக்கலாம். அச்சை எங்க வாங்குறது?"

முதுமை அவர் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டது. மண் மிதிப்பது முதலில் போயிற்று, அப்புறம் அச்சில் மண் அழுத்துவது. மருமகள் வண்ணம் அடிக்க, அவர் கண் மட்டும் எழுதினார். கண்புரை அறுவைக்குப் பிறகு அதுவும் பேத்திக்குப் போனது. கடையில் உட்கார்ந்து, பேத்தி எழுதுவதைப் பார்த்து, "இமையை இழுத்துக்கினே போ, நிக்காத" என்று சொல்வதோடு சரி. 2020-இல் அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. வயதாகிவிட்டது, பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள்.

இந்த வருஷம் கடையில் பேத்தி மட்டும் இருந்தாள். தகரப் பெட்டி அதே பெட்டி. மூடியில் பணம் அனுப்புவதற்கான கியூஆர் அட்டை ஒட்டியிருந்தது. ஆயா எப்படி இருக்கிறார் என்று அம்மா கேட்டாள். சித்திரையில் போய்விட்டதாகச் சொல்லிவிட்டு, அம்மா முகம் மாறுவதைப் பார்த்து, அவளே ஆறுதலும் சொன்னாள். சாவு நடந்த வீட்டில் அந்த வருஷம் கொலு வைப்பதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த ஞாபகத்தில் நான், "இருந்தும் வந்துட்டீங்களே" என்றேன். "கொலு வைக்கிறவங்களுக்குத்தானேக்கா நிறுத்துற கவலை. நாங்க நிறுத்தினா சாப்பாடு ஏது?" என்றாள். அடக்கம் முடிந்த கையோடு சூளை மூட்டியிருக்கிறார்கள்.

இந்த நவராத்திரிக்குப் பரணிலிருந்து பெட்டிகளை இறக்கி, பழைய செய்தித்தாளைப் பிரித்து, பொம்மைகளைக் கூடத்தில் பரப்பினேன். 1989-இல் பண்ருட்டியம்மா விரலை ஓட்டிய அதே வழியில் என் கண் ஓடிற்று. பயந்த புருவம், துணிந்த புருவம், விலகிய கருவிழி, கண்ணாடிக்குப் பிறகு நேரான கருவிழி, நடுக்கம் தெரியும் கரை, பேத்தியின் கனமான இமை. நாங்கள் வருஷா வருஷம் சேர்த்தது சாமிகளை என்று நினைத்திருந்தோம். சேர்ந்திருந்தது ஒரு பெண்ணின் உழைப்பு முழுவதும். கையெழுத்து இல்லை, தேதி இல்லை, ஆனாலும் இளமை எது, முதுமை எது என்று தடுமாறாமல் படிக்க முடிந்தது.

படிகளை வருஷ வரிசையில் வைத்தேன். கீழ்ப்படியில் மாமியாரின் மீனாட்சி. அதற்குமேல் மச்சத்துக்குப் பக்கத்தில் செட்டியார், கூர்மத்துக்குப் பக்கத்தில் கபில்தேவ். ராமனும் அனுமனும் வெவ்வேறு படியில் இருந்தார்கள். மேல்படியில் கலசத்துக்குக் கீழே பேத்தியின் பொம்மைகள். அம்மா வந்து பார்த்துவிட்டு, "சுவாமிக்கு மேல கிளியா?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சநேரம் படிகளைப் பார்த்தபடி நின்றாள். ஒன்றும் மாற்றவில்லை.

கடையை மூடிவிட்டு ஒருநாள் பேத்தி வந்தாள். கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே வந்து, தன் பொம்மைகளில் நின்று, "கழுத்து குட்டையா வந்துடுச்சிக்கா. அடுத்த வருஷம் சரியாப் பண்ணிடறேன்" என்றாள். தாம்பூலம் கொடுத்து அனுப்பிய பிறகு அம்மா, "அடுத்த வருஷம் பழையபடிதான் வைப்பேன். கொலுன்னா கொலுவா இருக்கணும்" என்றாள்.

சரி என்றேன். இறந்தவருக்காக ஒரு வருஷம் வழக்கத்தை நிறுத்திவைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். உறவு முறைக்குள் வராத பண்ருட்டியம்மாவுக்கும் எங்கள் வீட்டில் அந்த ஒரு வருஷம் கிடைத்துவிட்டது.